முன்னால் நடப்பவர்

செங்கல்பட்டுக்கு அப்பால் முட்புதர் மண்டிய பாறைக் குன்று. வழிகாட்டி வந்த இருளர் அதிகம் பேசவில்லை. எனக்குக் கல்லும் கள்ளியும் தெரிந்தன. அவருக்கு எச்சம், உரித்த சட்டை, வளைவாயில் வழவழத்த மண். பாம்பு ஒன்றையும் நாங்கள் பார்க்கவில்லை. குன்று முழுக்க அவை இருப்பது மட்டும் எனக்குத் தெரிந்துபோயிற்று.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் தோல் வியாபாரம் நின்று, இந்தப் பார்வை பிழைப்பற்றுப் போனது. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் விஷத்தை எடுத்துப் பாம்பைக் காட்டில் விடும் முறையும் வந்தது. 2017இல் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் ஃப்ளோரிடாவின் பழகாத மண்ணில் மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

கௌரவம் சரி. ஆனால் இந்தக் கண்ணை ஏட்டில் எழுதி வைக்க முடியாது. முன்னால் ஒருவர் நடக்க வேண்டும். பின்னால் ஒரு பையன் வேண்டும்.