மூடிய குழாய்க்குள் ஓர் ஊர்

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில், ராக்கி மலைகளுக்கு நடுவே இருக்கிறது போஸ்மன். அப்பா, என்ன குளிர்! மூச்சை இழுத்தால் மூக்கு முடியே விறைக்கிறது. நம் மார்கழியை இனி நான் குளிர்காலம் என்றே சொல்லமாட்டேன்.

அங்குள்ள பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்ததும் கதகதப்பு. கூடவே லேசான புளித்த வாடை. பயோஃபிலிம் ஆய்வுக்கென்றே 1990இல் தொடங்கிய மையம் இங்கேதான் இருக்கிறது. நம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில் வழவழவென்று படிகிறதே, அதுதான் பயோஃபிலிம். பாக்டீரியாக்கள் தாமே சுரந்த பசைக்குள் கூட்டமாகக் குடியிருக்கின்றன. நாம் தேய்த்துக் கழுவுவதை இங்கே ஊட்டி வளர்க்கிறார்கள்! கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பல பயோரியாக்டர்களில் உழைப்பது இந்த வழவழப்புதான்.

அது உள்ளே என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் பெரும்பாடு. பயோரியாக்டரைத் திறந்தால் படலம் பிய்ந்துவிடும். நுண்ணோக்கியின் ஒளியோ தடித்த படலத்தின் அடிவரை போவதில்லை. ஆகவே எம்.ஆர்.ஐ.!

சாவி, கைக்கடிகாரம், வங்கி அட்டை எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டுத்தான் எம்.ஆர்.ஐ. காந்தத்தை நெருங்க வேண்டும். அதன் கம்பிச்சுருள் மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்கிறது. வெளியே என்னை நடுக்கிய குளிர் இதன் முன்னே எம்மாத்திரம்! ஆனால் காந்தத்தின் நடுத்துளையில் நிற்கும், படலம் வளரும் குழாய்க்கு அந்தக் குளிர் எட்டுவதில்லை. பாக்டீரியாக்கள் பாட்டுக்கு வளர்கின்றன.

டக்டக்கென்று சத்தம். திரையில் கண்ணாடி மணிகள் நிரம்பிய குழாயின் குறுக்குவெட்டு மெல்லத் தெளிகிறது. படம் காட்டுவது பாக்டீரியாவை அல்ல, தண்ணீரை. ரேடியோ அலை தட்டியதும் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் பதில் சொல்கின்றன. பசைக்குள் சிக்கிய நீரின் பதில் சட்டென்று தேய்கிறது; சுதந்திரமாக ஓடும் நீரின் பதில் நீடிக்கிறது. அந்த வித்தியாசத்தை வைத்தே படலத்தின் எல்லையைக் கோடு போட்டுவிடுகிறார்கள். யார் கையும் படவில்லை, ஒரு துளி சாயம் கலக்கவில்லை! எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அடுத்து, நீரோட்டத்தின் வேகத்தைக் காட்டும் படம். படலம் அடைத்த சந்துகளில் நீர் அசைவற்று நிற்கிறது. மிச்சமிருக்கும் இடுக்குகளில் பாய்ந்தோடுகிறது. ஓட்டம் எட்டாத மூலைக்கு உணவு மெல்லக் கசிந்துதான் போய்ச் சேர வேண்டும். அதே குழாயை மறுநாளும் படமெடுக்கலாம், அடுத்த வாரமும் எடுக்கலாம்.

“எந்த வழி அடைபடும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?” என்று ஆய்வு மாணவியிடம் கேட்டேன்.

“கணினியில் கணக்குப் போடுகிறோம். அது சரியா என்று சரிபார்க்கத்தான் இந்தப் படங்கள்” என்று சொல்லி, அடுத்த படத்துக்குப் பொத்தானை அழுத்தினார்.