அளவுகோலையும் அளந்து பார்த்தல்

பவளத்துக்கு வேண்டுவனவற்றைக் கடலே காத்து நிற்கிறது. ஆயிரம் பங்கு கடல்நீரில் ஏறத்தாழ 35 பங்கு உப்பு. ஒரு லிட்டரில் ஏறக்குறைய 410 மில்லிகிராம் கால்சியம். வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலோ நிலைமை வேறு. நீர் ஆவியாக ஆவியாக உப்பின் செறிவு மிகுகிறது. பவளம் தன் கூட்டைக் கட்டக் கட்டக் கால்சியமும் காரத்தன்மையும் குறைகின்றன. இம்மாற்றங்களைக் கண் அறியாது, கருவியே அறிவிக்கும். அக்கருவி பொய்த்தால், அன்போடு செய்யும் திருத்தமே கேடாய் முடியும்.

முள் அசையும் அடர்த்திமானியில், முள்ளின்மேல் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டினாலே போதும். முள் உயர்ந்து, உப்பு மிகுதி என்று காட்டும். அதை நம்பி நன்னீர் சேர்ப்பவர், சரியாயிருந்த நீரைக் கெடுத்தவராவார். ஒளிவிலகல்மானி இதனினும் சிறந்ததே. ஆயினும் அவற்றுள் பல, சமையலுப்புக் கரைசலுக்கெனக் கோடிடப்பட்டவை. கடல்நீரிலோ வேறு உப்புகளும் உள. வடித்த நீரில் சுழியம் காட்டும் கருவி, 35 காட்ட வேண்டிய இடத்தில் தவறக்கூடும். ஆகவே, 35 பங்குக்கு நிகரென முன்னரே அறியப்பட்ட கரைசலைக் கொண்டு அதனைச் சரிபார்த்தல் வேண்டும்.

காரத்தன்மையை அறிய, நிறம் மாறும்வரை மருந்தைத் துளித்துளியாய் விட்டு எண்ணுவர். ஒரு துளி ஓர் அலகைக் குறிக்குமாயின், அரை அலகு வேறுபாட்டை அச்சோதனை உரைக்க இயலாது. சோதிக்கும் நீரை இரு மடங்காக்கினால் ஒரு துளியின் மதிப்பு பாதியாகும், நுண்மை பெருகும். ஆனால், நாட்பட்டுக் கெட்ட மருந்து தவற்றையே நுண்மையாக உரைக்கும். பத்து முறை சோதித்தும் ஒரே விடை வருவதனால் அவ்விடை மெய்யாகிவிடாது. நுண்மை வேறு, உண்மை வேறு. பள்ளி ஆய்வுக்கூடத்தில் மாணவர் முதலில் உணர வேண்டிய வேறுபாடும் இதுவே.

எனவே, எதிர்பாராத விடையொன்று கிடைத்தவுடன் தொட்டியில் மருந்தைக் கொட்டுதல் முறையன்று. மீண்டும் சோதித்தல், வேறொரு முறையோடு ஒப்பிடுதல், நாள்தோறும் குறித்த ஏட்டைப் புரட்டிப் பார்த்தல், அதன் பின்னரே சிறிது சிறிதாகத் திருத்துதல் என்பதே நெறி. பாறையில் ஒட்டிய பவளம் தீய நீரை விட்டு விலகிச் செல்ல இயலாது. அதனை வளர்க்க முன்வந்தவர், தம் கருவியை ஐயுறும் பொறுமையையும் உடன் ஏற்றவராகிறார்.