அம்மாவின் மழைப்பூ

தினமும் காலையில் நான்கு மணி நேரம் ஒலிவாங்கியின் முன் பேசுவது என் தொழில். முகம் தெரியாத நேயர்களிடம் "பசியாறிட்டீங்களா?" என்று அன்பாகக் கேட்பேன். சுங்கை பட்டாணியில் தனியாக இருக்கும் அம்மாவிடம் மட்டும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச விஷயம் இருக்காது.

பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது, லயன் வீட்டு வாசலில் அம்மா ஒரு பூப்பாத்தி வைத்திருந்தார். பால்மரம் வெட்டிவிட்டுத் திரும்பியதும் முதலில் அதற்குத்தான் தண்ணீர். தாமான் வீட்டுக்குக் குடிவந்தபோது அந்தச் செடிகளை மீலோ டின்களில் கொண்டுவந்து வாசலில் நட்டார். ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் கார் வாங்கினேன். நிறுத்த இடம் வேண்டுமென்று அந்த மண் முழுவதற்கும் சிமெண்ட் போட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கிழங்குகளைத் தோண்டி ஒரு பழைய தொட்டியில் வைத்துக்கொண்டார்.

அந்த மௌனம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. போன நவம்பரில் இணையத்தில் குட்டி டாஃபடில் பூக்களைப் பார்த்ததும் பத்துக் கிழங்குகளை வாங்கி அம்மாவிடம் கொடுத்தேன். 'டெட்-அ-டெட்' என்ற ரகம். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் அலெக் கிரே என்பவர் உருவாக்கியது. ஒரு சாண் உயரம்தான் வளரும். ஒரே தண்டில் பல சமயம் இரண்டு மஞ்சள் பூக்கள் சேர்ந்து நிற்கும். அந்தப் பிரெஞ்சுப் பெயருக்கு, இருவர் தனியாக உட்கார்ந்து பேசுவது என்று பொருள்.

டாஃபடிலுக்குக் குளிர்காலம் வேண்டும். 12 முதல் 15 வாரம் வரை நல்ல குளிரில் இருந்தால்தான், கிழங்குக்குள் இருக்கும் மொட்டு தண்டை நீட்டிக்கொண்டு வெளியே வரும். கெடாவில் அந்தக் குளிருக்கு ஐஸ்பெட்டிதான் கதி. அதிலும் ஒரு சிக்கல். பழங்கள் பழுக்கும்போது வெளிவிடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். இன்னொன்று, பார்ப்பதற்கு வெங்காயம் போல இருந்தாலும் இந்தக் கிழங்கு நஞ்சு. சமையலில் சேர்ந்துவிட்டால் வாந்தியும் வயிற்று வலியும் வரும். அதனால் பொட்டலத்தின் மேல் பெரிதாக எழுதி ஒட்டினேன்.

"ஏன் பாப்பா, வெங்காயத்துக்கு இவ்வளவு மரியாதையா?" என்று அம்மா சிரித்தார். ஆனாலும் பழங்களையெல்லாம் ஐஸ்பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டார். வேலை முடிந்ததும் கோலாலம்பூரிலிருந்து நான் போன் செய்வேன். கிழங்கில் ஆரம்பிக்கும் பேச்சு, பக்கத்து வீட்டுப் பூனை, தோட்டத்துக் கோயில் திருவிழா, அப்பாவின் சைக்கிள் என்று அரை மணி நேரம் ஓடும்.

பிப்ரவரி நடுவில் தொட்டியில் நட்டோம். இலைகள் பச்சென்று வந்தன. ஒரே ஒரு மொட்டு எட்டிப் பார்த்தது. கெடாவின் அந்த மாதத்து வெயிலில் அதுவும் விரியாமலே காய்ந்துபோனது. நான் சோர்ந்துபோனேன். "அதுக்கு நம்ம ஊரு வெயில் ஆகல. நீ என்ன பண்ணுவ?" என்றார் அம்மா.

மார்ச் கடைசியில் ஒரு மாலை கொட்டித் தீர்த்தது மழை. நான்காம் நாள் அம்மாவே போன் செய்தார். வழக்கமாக நான்தான் செய்வேன். "பாப்பா, மழைப்பூ பூத்திருக்கு!"

அந்தப் பழைய தொட்டி நிறைய இளஞ்சிவப்புப் பூக்கள். கடைகளில் ரெயின் லில்லி என்பார்கள். டாஃபடிலும் இதுவும் ஒரே குடும்பம். அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதிகளிலிருந்து வந்தது. நம் முன்னோரைப் போலவே கடல் தாண்டி வந்து இந்த மண்ணில் ஊன்றிக்கொண்டது. வறட்சியில் கிழங்கு அமைதியாகக் கிடக்கும், மழை பெய்த சில நாளில் பூத்துவிடும். "இது பூத்தா ரப்பர் மரம் இலை கொட்டுறது முடிஞ்சுதுன்னு சந்தோஷப்படுவோம். பாலும் கூடும், சம்பளமும் கூடும்" என்றார் அம்மா. இத்தனை வருடத்தில் இதை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

வளர்க்க விரும்புகிறவர்களுக்கு: நல்ல வெயில், தண்ணீர் தேங்காத மண், இரண்டு அங்குல ஆழம் போதும். இதன் கிழங்கும் நஞ்சுதான், குழந்தைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். டாஃபடில் இனத்தையே பார்க்க ஆசையென்றால், சீனப் புத்தாண்டுக்கு முன் பூக்கடைகளில் விற்கும் நார்சிசஸ் கிழங்கை வாங்குங்கள். கூழாங்கல்லும் தண்ணீரும் உள்ள கிண்ணத்திலேயே பூக்கும்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். தொட்டியில் கிழங்குகள் நெருக்கியடித்துக் கிடந்தன. அம்மா வாசல் ஓரத்தைக் காட்டி, "அந்த வெடிச்ச எடத்துல ரெண்டடி ஒடச்சா போதும் பாப்பா" என்றார்.

ஆறு வருடம் கழித்துக் கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் ஆள் வருகிறார். கார் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும்.