விசுவாசி காப்பீடு எடுக்கலாமா?



சென்ற வாரம் வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்தபின், ஏலத்தோட்ட வேலைக்கு நாள்தோறும் ஜீப்பில் மலையேறும் இளம் சகோதரர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சாட்சி சொல்லிவிட்டு இன்சூரன்ஸும் எடுத்தால், அது அவிசுவாசம் ஆகாதா?" அருகில் நின்ற இருவர் தலையசைத்தனர். அப்படியே போதிக்கிறவர்களும் நம் பகுதியில் உண்டு. இதற்கு ஒரு மனிதரின் வாழ்க்கையிலிருந்து பதில் சொல்லத் தொடங்குகிறேன்.

சென்னை அண்ணா சாலையில் நிற்கும் பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டடத்தை நீங்கள் திரைப்படங்களிலாவது பார்த்திருப்பீர்கள். அதைக் கட்டத் தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1908இல் நகரத்தார் குடும்பமொன்றில் பிறந்தவர். இருபது வயதைத் தாண்டிய காலத்திலேயே தந்தையை இழந்து, குடும்பத் தொழில்களின் பாரத்தைத் தோளில் ஏற்றார். 1937 பிப்ரவரி 10ஆம் நாள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நேரத்தில் திறந்தார். கடல் கடந்து பிழைக்கப் போன தமிழருக்கு அது எவ்வளவு பெரிய துணையாயிருந்திருக்கும்! சென்னையில் 1906இல் தோன்றிய யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தையும் அவர் நடத்திவந்தார். அந்நிறுவனத்துக்காகவே அந்த உயர்ந்த மாளிகை எழும்பத் தொடங்கியது.

1954 மார்ச் 13. சிங்கப்பூரின் கல்லாங் விமான நிலையத்தில் இறங்கிய விமானம் தரையில் மோதித் தீப்பற்றியது. பயணிகள் 31 பேரும் மாண்டனர். அவர்களில் செட்டியாரும் ஒருவர். வயது 45. இரண்டாண்டு கழித்து, 1956இல், அவருடைய நிறுவனத்தோடு மொத்தம் 245 காப்பீட்டு நிறுவனங்களை அரசு ஒன்றாக்கி எல்.ஐ.சி.யை அமைத்தது. 1959இல் மாளிகை திறக்கப்பட்டபோது அதன் வாசலில் வேறொரு பெயர் இருந்தது.

இதைக் கேட்டவுடன் லூக்கா 12ஆம் அதிகாரத்து மதிகெட்ட ஐசுவரியவானை நினைக்காதிருங்கள். அந்த உவமையை இவர்மேல் ஏற்றுவது அநியாயம். அங்கே அந்த மனிதனின் பேச்சு முழுவதும் தன் விளைச்சல், தன் களஞ்சியம், தன் ஆத்துமா என்பதுதான். அயலானுக்கு அதில் இடமே இல்லை. காப்பீடோ, பலர் சிறிது சிறிதாகக் கொடுத்து, வீழ்ந்தவனுடைய வீட்டைத் தாங்கும் ஏற்பாடு. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும்படி பவுல் கலாத்தியருக்கு எழுதியதற்கு இது தூரமானதல்ல.

இன்னொன்றையும் கேளுங்கள். மரணக் கணக்குகளை ஆராய்ந்து, எத்தனை பேர் விதவையாவார்கள், எவ்வளவு பணம் வேண்டும் என்று கணித்து, 1744இல் ஒரு நிதியை ஏற்படுத்தியவர்கள் ஸ்காட்லாந்து சபையின் இரு போதகர்கள்: ராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர். இறந்துபோகும் ஊழியர்களின் மனைவி மக்கள் தெருவில் நிற்கக்கூடாது என்பதே அவர்கள் கவலை. அடுத்த நூற்றாண்டில், இங்கிலாந்தின் நார்விச் நகரில் நார்விச் யூனியன் காப்பீட்டு நிறுவனத்தை நடத்திய சாமுவேல் பிக்னோல்ட் நான்கு முறை அந்நகரின் மேயராயிருந்தார். வேலையிழந்த நெசவாளருக்காக நூல் ஆலை எழுப்பவும் முன்நின்றார். அவருக்கு 83 வயது வரை ஆயுள் கிடைத்தது. நம் செட்டியாருக்கோ அதில் ஏறத்தாழப் பாதிதான். நாள்களை அளப்பவர் கர்த்தர் என்பதில் எவருக்கும் ஐயம் வேண்டாம்.

ஆனால் 2 இராஜாக்கள் 4ஐத் திறந்து பாருங்கள். இறந்தவன் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவன், கர்த்தருக்குப் பயந்தவன். ஆயினும் கடன்காரன் அவனுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்தான். அவனுடைய பக்தி அந்தக் கடனை அடைக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து இறந்த ஒரு சகோதரரை நான் அடக்கம் செய்தேன். பாலிசி எடுக்கச் சொன்னவர்களிடம் "என் தேவன் இருக்கிறார்" என்று சொன்னவர் அவர். அடக்க ஆராதனைக்கு மறுநாளே குழுக்கடன் வசூலிக்க ஆள் வந்து வாசலில் நின்றார். அந்தத் தாய் மூத்த மகளின் படிப்பை நிறுத்தித் தோட்ட வேலைக்கு அனுப்பினாள். எலிசாவின் நாளில் எண்ணெய் பெருகியது. இங்கே சபையாராகிய நாம் இரண்டு மாதம் அரிசி கொடுத்தோம், பின்பு மறந்தோம்.

ஆகவே சகோதரருக்கு என் பதில்: எடுங்கள். ஆனால் ஏஜென்ட் தெரிந்தவர் என்பதற்காகச் சக்திக்கு மீறிய பாலிசியில் கையெழுத்திடாதிருங்கள்; இரண்டு தவணை கட்டி விட்டுவிடும் பாலிசியால் பயனில்லை. அரசின் சுரக்ஷா பீமா திட்டத்துக்கு ஆண்டுக்கு 20 ரூபாய் போதும். 18 முதல் 70 வயது வரை வங்கி அல்லது அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு உள்ளவர் சேரலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து தொகையை எடுப்பார்கள். அப்போது கணக்கில் பணம் இல்லையென்றால் காப்பீடு நின்றுபோகும்.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலய வளாகத்தில் படிவங்களை நிரப்பிக்கொடுக்க நம் வாலிபர்கள் இருவர் அமர்ந்திருப்பார்கள். பாஸ்புக்கையும் ஆதாரையும் கொண்டுவாருங்கள். நாமினி இடத்தில் யார் பெயரை எழுதுவது என்பதை வீட்டிலேயே மனைவியோடு பேசி முடிவுசெய்துவிட்டு வாருங்கள்.