மருந்து கொண்டுவந்த புழு

"மருந்து வந்த பொறகுதான் புழு வந்துச்சு" என்று தாத்தா சொல்லிக்கொண்டிருப்பார். கினிகத்தேனைப் பக்கத் தோட்டமொன்றில் மருந்தடித்தவர். "புழு வந்ததாலதானே மருந்தே வந்துச்சு?" என்று மாமா ஒவ்வொரு முறையும் மடக்குவார். எனக்கு எரிச்சலாக இருக்கும். தாத்தா வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர் அல்லர்.

மருந்தில் கலப்படமோ என்று முதலில் துருவினேன். ஒன்றும் தேறவில்லை. பிறகு, சிறுவயதில் தாத்தாவின் மருந்துக் கூட்டத்துக்குத் தண்ணீர் தூக்கிய பெரியவர் ஒருவர் அட்டன் பக்கம் லயத்தில் இருப்பது தெரிந்தது.

அவரைப் புழுப் பக்கம் திருப்பவே முடியவில்லை. பீலியில் தகரத்தை நிரப்பி மலையேறியது, கைகழுவினாலும் சோற்றில் மருந்து வாடை அடித்தது, கங்காணியின் குடை என்று போய்க்கொண்டே இருந்தார்.

"அந்தப் புழு எப்படித் தாத்தா இருக்கும்? எதுக்குத்தான் மருந்தடிச்சீங்க?"

"புழுவுக்கு யாரு அடிச்சா? வண்டுக்கில்ல அடிச்சோம், தம்பி."

எழுந்துபோய் வேலியோரத் தேயிலையில் ஒரு வாதை முறித்துக்கொண்டு வந்தார். பட்டையில் குண்டூசி நுழையுமளவு துளை. உள்ளே வளைந்தோடும் கறுத்த சுரங்கம். காற்றடித்தாலே இந்த வாது ஒடிந்துவிடும் என்றார்.

இரண்டு மில்லிமீட்டர் வண்டின் வேலை அது. இத்தனை மரத்தைக் குடைந்தாலும் அது மரத்தைத் தின்பதில்லை. சுரங்கச் சுவரில் ஒரு பூஞ்சையை வளர்த்து, அதைத்தான் தின்கிறது. இலங்கைத் தேயிலையில் இருந்த அந்தப் பூஞ்சைக்கு 1947இல் காட், லூஸ் என்ற இருவர் பெயர் வைத்தார்கள். மண்வெட்டி பிடிக்காத விவசாயிதான் இந்த வண்டு!

இந்த வண்டை ஒழிக்க 1950களில் டீல்ட்ரின் தெளித்தார்கள். அதற்கும் இருபது ஆண்டு முன்னால், இலைசுருட்டிப் புழுவை அடக்குவதற்காக, தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியை வரவழைத்திருந்தது, 1935, 36இல். குளவி புழுவின் உடம்புக்குள் முட்டையிடும், குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். புழுத் தொல்லை அடங்கிப்போனதால் குளவியையும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். வண்டுக்கென்று அடித்த டீல்ட்ரின் புழுவைவிடக் குளவியைத்தான் அதிகம் வாரிக்கொண்டு போனது. தடுக்க ஆளில்லாமல் இலைசுருட்டி மலை மலையாகப் பெருகியது. வண்டு, மருந்து, அதன் பிறகே புழு: தாத்தா சொன்ன வரிசை அப்படியே சரி.

டீல்ட்ரினைக் கைவிட்ட பிறகு குளவி மறுபடி தலையெடுத்தது. மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும் அந்த மருந்து, 2001இன் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை முதலில் விலக்கிய பன்னிரண்டு நஞ்சுகளில் ஒன்று.

மருந்தடித்த பெரியவர்கள் சில லயங்களில் இன்னும் இருக்கிறார்கள். போய்க் கேட்டு எழுதி வையுங்கள். எதற்கு அடித்தீர்கள் என்று கேளுங்கள். எவ்வளவு அடித்தீர்கள் என்று ஆரம்பித்தால் கணக்கப்பிள்ளை வந்துவிட்டார் என்று வாயை மூடிக்கொள்வார்கள்.