பெட்டியைக் குறை சொல்லும் முன்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவம் தொடங்கிவிட்டால் காற்று லேசில் அடங்காது. முப்பந்தல் காற்றாலைகளுக்கு அதுதான் பிழைப்பு. வீட்டு அறையில் மைக் வைத்து வில்லுப்பாட்டைப் பதிவு செய்கிறவர்களுக்கோ அதுவே தலைவலி. ஒரு லேப்டாப்பும் இரண்டு மைக் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸும் இருந்தால் கோயில் கொடையில் பாடும் குழுவின் பாட்டை வீட்டிலேயே பதிந்துவிடலாம். ஆனால் பதிவில் இரைச்சல் கேட்டதும் பழி அந்தச் சின்னப் பெட்டியின் தலையில்தான் விழுகிறது; விலை கூடிய பெட்டி வாங்கினால் சரியாகிவிடும் என்ற யோசனையும் கூடவே வந்துவிடுகிறது. இந்த வேலையைப் பார்த்தவரையில், பெரும்பாலும் குற்றம் பெட்டியில் இல்லை, வீட்டில்தான் இருக்கிறது என்பேன்.

காற்றையே எடுத்துக்கொள்வோம். மைக்கில் மோதும் காற்று அடித்தொனியில் ஒரு முழக்கமாகப் பதிவாகும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுவது அதற்கு வழக்கமான வைத்தியம். பேச்சுக்கு அது போதும். வில்லுப்பாட்டில் தாளத்துக்கு அடிக்கும் குடத்தின் கனமும் அந்த அடித்தொனியை ஒட்டியே இருப்பதால், காற்றை வெட்டினால் குடமும் மெலிந்துபோகும். பிறகு மிஞ்சுவது வில்லின் மணியும் வீசுகோலும் ஜால்ராவும்தான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெட்டியும் காற்றையும் குடத்தையும் பிரித்தறியாது. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்துவதுதான் வழி; மூடிய அறையின் எதிரொலி அடங்க, வெறும் சுவரில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட வேண்டும். (வியர்வை பாடகருடையது, அதற்குக் கூலி யாரும் கணக்கிடுவதில்லை.)

அடுத்தது 'ம்ம்' என்ற ஹம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளான 100, 150 ஆகியவை ஆண்குரல் புழங்கும் இடத்திலேயே வந்து உட்காருவதால், பதிந்த பிறகு அவற்றை நீக்கினால் குரலும் சேர்ந்து தேயும். கைதேர்ந்தவர் யார் என்று அறிய, ஹம் கேட்டதும் அவர் கை எங்கே போகிறது என்று பார்த்தால் போதும்: லேப்டாப் சார்ஜருக்குப் போகும். சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓடவிட்டதும் ஹம் நின்றால் கோளாறு மின்வழியில், பெரும்பாலும் எர்த்தில். நிற்காவிட்டால் மைக் கேபிளைக் கழற்றுவார், பிறகு யூஎஸ்பி துளையை மாற்றுவார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும். ஹம் இல்லாமல் 'டக் டக்'கென்று வெடித்தால் கதை வேறு. மென்பொருளில் பஃபர் அளவு சிறிதாக இருக்கலாம், அல்லது மாதிரி வீதம் (சாம்பிள் ரேட்) பெட்டியில் 48,000 ஹெர்ட்ஸிலும் மென்பொருளில் 44,100 ஹெர்ட்ஸிலும் நிற்கலாம். இரண்டும் செலவில்லாமல் தீர்பவை.

பெட்டிக்குப் பெட்டி தரம் வேறுபடாதா என்று கேட்கலாம். வேறுபடும். மெல்லிய குரலை டைனமிக் மைக்கில் பதிய கெயினை உச்சத்துக்குத் திருப்பும்போது மலிவான பெட்டியின் 'ஸ்ஸ்' கேட்கத்தான் செய்யும். கொடையில் பாடிப் பழகிய வில்லுப்பாட்டுப் புலவரின் குரலுக்கு அந்தத் தேவை வராது. இங்கே ஆபத்து நேர் எதிரானது. குடத்தில் பலமாக ஓர் அடி விழுந்ததும் சிவப்பு விளக்கு எரிந்து ஒலி சிதைந்துவிடும். சிதைந்ததைப் பிறகு மீட்பது அரிது. 24 பிட்டில் பதிந்தால் உச்ச அடிக்கு 12 டெசிபல் இடம் விட்டு வைத்தாலும் நட்டமில்லை. செல்போனே போதாதா என்றால், அதன் தானியங்கி அளவீடு குடம் அதிரும்போதெல்லாம் பாட்டையும் சேர்த்து அமுக்கிவிடும். லேட்டன்சி, அதாவது பாடியது ஹெட்போனில் தாமதித்துக் கேட்பது, பற்றிய பயமும் இங்கே வேண்டாதது: குழுவினர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவரையொருவர் நேராகக் கேட்டே பாடுகிறார்கள். பின்பாட்டைத் தனியே சேர்ப்பதாக இருந்தால்தான் அந்தக் கவலை. அதற்கும் பெட்டியிலுள்ள நேரடி மானிட்டர் வசதி போதும்.

ஆகவே புதுப் பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை முதலில் எலக்ட்ரீஷியனுக்குக் கொடுங்கள். வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஹம் போகிறதே என்று பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். மைக்கைப் பிடித்திருப்பவரின் உயிருக்கே அது ஆபத்து.