கொல்லை மண்ணின் நிறம்

ரா ஃபைலில் நிறம் இன்னும் முடிவாகியிருக்காது. சென்சார் அளந்த வெளிச்சத்தின் கணக்கு மட்டும்தான் இருக்கும். எக்ஸ்போர்ட் பண்ணும்போதுதான் அதற்கு ஒரு நிறவெளியைத் தருகிறோம். 1998இல் வந்த அடோபி ஆர்ஜிபி அகலமானது, அச்சுக்கு நல்லது. ஆனால் வழியில் ப்ரொஃபைல் உதிர்ந்துபோனால், பெரும்பாலான திரைகள் அந்த எண்களை எஸ்ஆர்ஜிபி என்றே வாசிக்கும். 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் முன்வைத்தது அது. எண்கள் அதேதான், செம்மண் மட்டும் வெளிறிவிடும்.

அதனால் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, ப்ரொஃபைலையும் உள்ளேயே வைத்து அனுப்புகிறேன். வெறும் பெயரை ஒட்டினால் போதாது, எண்களையே மாற்ற வேண்டும்.

திண்டிவனம் பக்கம் இருந்த எங்கள் மல்லாட்டைக் கொல்லையை விற்றாயிற்று. விழுப்புரத்தில் இருக்கும் அம்மா இனி அதை போனில்தான் பார்க்க முடியும். "நம்ம மண்ணு இப்படியாடா வெளுத்துக் கெடந்துச்சு?" என்று அவங்க கேட்டுவிடக் கூடாது.